காசு புழங்காத நாட்டின் கணக்குப் புத்தகம்

1704 ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டனைச் சேர்ந்த சாரா கெம்பிள் நைட் என்ற பெண்மணி, இறந்துபோன உறவினர் ஒருவரின் சொத்து விவகாரத்தைத் தீர்ப்பதற்காகக் குதிரையேறி நியூ ஹேவன் போனார். வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார். நியூ ஹேவன் கடைகளில் வியாபாரம் நடந்த விதத்தைப் பற்றி அதில் சில வரிகள் உண்டு. வாங்க வந்தவர் ஒரு பொருளைக் கேட்டதும், அது இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு முன்பே கடைக்காரர் "எதில் கொடுக்கப் போகிறாய்?" என்று கேட்பாராம். பதிலைப் பொறுத்துத்தான் விலை. ஒரு கத்திக்கு வெள்ளிக் காசு கொடுத்தால் 6 பென்ஸ். சட்டமன்றம் அந்த ஆண்டுக்கு நிர்ணயித்த விலையில் தானியமோ இறைச்சியோ அளந்து கொடுத்தால் 12 பென்ஸ். அதே தானியத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிடச் சம்மதித்தால் 8 பென்ஸ். நான்காவது வழி கடன். அதற்கான தவணையை இருவரும் பேசி முடித்துக்கொள்வார்கள்.

ஒரே கத்திக்கு இத்தனை விலைகள் இருந்ததற்குக் காரணம் கடைக்காரரின் தந்திரம் அல்ல. வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளில் காசு கிடைப்பது அவ்வளவு அரிதாக இருந்தது.

பிரிட்டன் தன் காலனிகளுக்கென நாணயம் அச்சிட்டு அனுப்பவில்லை. குடியேறிகள் கொண்டுவந்த காசும், வியாபாரத்தில் சம்பாதித்த காசும் துணி, இரும்பு, கண்ணாடி, துப்பாக்கி வாங்கிய வகையில் மீண்டும் லண்டனுக்கே போய்ச் சேர்ந்தன. 1652 இல் பாஸ்டனில் ஜான் ஹல் என்ற தட்டாரைக் கொண்டு மாசசூசெட்ஸ் ஒரு நாணயச் சாலை தொடங்கியது. பைன் மரம் பொறித்த ஷில்லிங்குகள் அங்கிருந்துதான் வந்தன. முப்பது ஆண்டுகள் ஓடியபின் அதுவும் நின்றுபோனது. அதற்கு முன்பு, பூர்வகுடி மக்கள் சங்கு சிப்பிகளைத் துளையிட்டுக் கோத்த வாம்பம் மணிகளைச் சிறு கடன்களுக்குச் செல்லுபடியாகும் பணமாக அதே காலனி 1643 இல் ஏற்று, 1661 இல் அந்தத் தகுதியை விலக்கிக்கொண்டது. உண்மையில் அதிகம் புழங்கியது மேற்கிந்தியத் தீவு வியாபாரத்தின் வழியாக வந்த ஸ்பானிய வெள்ளி டாலர்தான். சில்லறை வேண்டுமென்றால் அதையே துண்டுதுண்டாக வெட்டினார்கள். ஒரே டாலர் மாசசூசெட்ஸில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் ஏழரை, நியூயார்க்கில் 8 என்று ஊருக்கு ஒரு மதிப்பில் ஓடியது.

இப்படிப்பட்ட இடத்தில் சந்தை எப்படி நடந்தது? நினைவாலும் பேனாவாலும் நடந்தது. கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர், மருத்துவர், வசதியான விவசாயி எனப் பலரிடமும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. இடப் பக்கத்தில் பற்று, வலப் பக்கத்தில் வரவு. செருப்புத் தைத்துக் கொடுத்தவர் அண்டை வீட்டுக்காரரின் பெயரில் அதன் விலையை எழுதுவார். மூன்று மாதம் கழித்து அந்த அண்டை வீட்டுக்காரர் தன் எருதுகளை ஒருநாள் உழவுக்குத் தந்தால் அது வரவில் ஏறும். எழுதியது பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கில்தான். ஆனால் கைக்குக் கை மாறியது ஆப்பிள் மதுவும் விறகும் வைக்கோலும் உழைப்பும். இதைப் பண்டமாற்று என்று சொல்லிவிடுவது சரியாகாது. பண்டமாற்றில் இரு பொருள்களும் ஒரே வேளையில் கைமாறும். இங்கே ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைத் தாங்கியது, எதிராளி ஊரைவிட்டு ஓடமாட்டான் என்ற நம்பிக்கை. அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் வட்டி போடவில்லை. எப்போதாவது இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, மீதியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு, அந்த மீதியையே அடுத்த பக்கத்தின் முதல் வரியாக எழுதித் தொடர்ந்தார்கள்.

அமெரிக்க வரலாற்றில் ஊறிப்போன ஒரு சித்திரம் உண்டு: காட்டை வெட்டித் திருத்தித் தன் உணவைத் தானே விளைவித்து, தன் துணியைத் தானே நெய்து, யாருக்கும் கடன்படாமல் நிமிர்ந்து நின்ற சுதந்திர விவசாயி. கணக்குப் புத்தகங்களும், ஒருவர் இறந்ததும் நீதிமன்றத்துக்காகத் தயாரித்த வீட்டுச் சாமான் பட்டியல்களும் இந்தச் சித்திரத்தை ஏற்கவில்லை. கம்பளிக்கு ஆடு வைத்திருந்த வீட்டில் ராட்டை இராது. ராட்டை இருந்த வீட்டில் தறி இராது. கலப்பையும் எருதும் ஒருசேர இல்லாத பண்ணைகள் ஏராளம். ஒரு சட்டை உருவாக நான்கு வீடுகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டியல்களில் பல சமயம் மதிப்பு மிக்க பொருள் இறகு மெத்தை போட்ட கட்டில்தான். அதற்கடுத்து இரும்புப் பானைகள். நாற்காலி இல்லாமல் பெட்டியின் மீதும் பலகையின் மீதும் உட்கார்ந்து உண்ட குடும்பங்கள் 17 ஆம் நூற்றாண்டில் சர்வசாதாரணம். யாரையும் சாராத மனிதன் என்பது பிற்காலத்தவர் கட்டிய கற்பனை என்றே நான் நினைக்கிறேன். காலனிய அமெரிக்காவில் ஏழையும் கடனாளி, பணக்காரனும் கடனாளி. யாருக்குக் கடன்பட்டான் என்பதில்தான் வேறுபாடு.

அந்தப் புத்தகங்களில் பெண்களைத் தேடினால் அவர்கள் பெயர் எளிதில் அகப்படுவதில்லை. வெண்ணெய் கடைந்தவர், பாலாடைக்கட்டி செய்தவர், நூல் நூற்றவர், கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தி வார்த்தவர், பிரசவம் பார்த்தவர் எல்லாரும் பெண்கள். வரவு ஏறியதோ கணவன் பெயரில். திருமணமான பெண்ணுக்குத் தனியாக ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ, தன் உழைப்பின் ஊதியத்தைத் தன்னுடையதென்று சொல்லவோ ஆங்கிலப் பொதுச் சட்டம் இடம் தரவில்லை. கணவன் உயில் எழுதாமல் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை விதவைக்கு உண்டு. விற்கும் உரிமை இல்லை. சாரா நைட் போன்று தனியே கடை நடத்தி, நிலம் வாங்கி விற்றவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் விதவையானபின்தான் சட்டம் அதற்கு முழுதாக வழிவிட்டது.

தெற்கே போனால் புத்தகத்தின் அலகே மாறிவிடுகிறது. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் மேற்கிந்தியப் புகையிலை விதையை ஜேம்ஸ்டவுனில் பயிரிட்டுப் பார்த்தார். பட்டினியால் அழியவிருந்த வர்ஜீனியா காலனிக்குப் பிழைக்க வழி கிடைத்தது. சில ஆண்டுகளில் புகையிலையே பணமாயிற்று. 1620 களின் தொடக்கத்தில் காலனியை நடத்திய வர்ஜீனியா கம்பெனி மணப்பெண்களைக் கப்பலில் அனுப்பியபோது, பெண்ணின் பயணச் செலவாக மணமகன் கட்ட வேண்டியது முதலில் 120 ராத்தல் (ஒரு ராத்தல் ஏறக்குறைய அரை கிலோ), பின்னர் 150 ராத்தல் நல்ல புகையிலை. வரியும் அபராதமும் பாதிரியாரின் சம்பளமும் புகையிலையில்தான். 1730 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சரக்கு அரசுக் கிடங்கில் சோதிக்கப்பட்டு, மட்டமானது எரிக்கப்பட்டு, நல்லதுக்கு ரசீது தரப்பட்டது. அந்த ரசீதே பிறகு கைக்குக் கை மாறும் நோட்டாகிவிட்டது.

பணம் வயலில் விளைந்தால் மழையும் பணக் கொள்கையின் ஒரு பகுதியாகிவிடும். வர்ஜீனியாவில் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியாருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை. வறட்சியால் விளைச்சல் குறைந்து விலை ஏறியதும், ராத்தலுக்கு 2 பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று 1758 இல் காலனிச் சட்டமன்றம் தீர்மானித்தது. பாதிரியார்கள் கொதித்தார்கள். அரசர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். ஜேம்ஸ் மோரி என்ற பாதிரியார் நிலுவையைக் கேட்டு வழக்குப் போட்டார். 1763 இல் மறுதரப்புக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பேட்ரிக் ஹென்றி, மக்களின் நன்மைக்கான சட்டத்தை ரத்து செய்யும் அரசர் கொடுங்கோலராகிவிடுகிறார் என்று நீதிமன்றத்திலேயே முழங்கினார். ஜூரிகள் மோரிக்கு அளித்த இழப்பீடு 1 பென்னி. சுதந்திரப் போரின் முன்னோட்டமாகப் பேசப்படும் இந்த வழக்கு, அடிப்படையில் புகையிலையை எந்த மாற்று விகிதத்தில் கணக்கிடுவது என்ற தகராறு.

புகையிலைக்கு ஆள் வேண்டும். முதலில் வந்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். கப்பல் கூலி கொடுக்க வழியில்லாத ஆங்கில, ஐரிஷ், பின்னாளில் ஜெர்மன் ஏழைகள், 4 முதல் 7 ஆண்டு உழைப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினார்கள். நியூ இங்கிலாந்து நீங்கலான காலனிகளுக்கு வந்த வெள்ளையரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி வந்தவர்கள். துறைமுகத்தில் அவர்களுடைய மிச்ச ஆண்டுகள் விற்கப்பட்டன. எஜமான் இடையில் வேறொருவருக்கு விற்கவும் முடியும். இன்னொரு பக்கம், ஒருவரை அழைத்துவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்று 1618 இல் வர்ஜீனியா கம்பெனி விதி வகுத்திருந்தது. ஆகவே ஏழை கப்பலேறினால் பணக்காரனின் நிலம் வளர்ந்தது. தவணை முடியும் முன்பே காய்ச்சலில் இறந்தவர்கள் தொடக்க காலத்தில் அநேகர். பிழைத்தவருக்கு விடுதலை நாளில் ஒரு சிறு சீர் உண்டு: 1705 ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டப்படி ஆணுக்கு 10 புஷல் மக்காச்சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி, பெண்ணுக்கு 15 புஷலும் 40 ஷில்லிங்கும்.

அதே 1705 ஆம் ஆண்டில் அதே சட்டமன்றம் அடிமைகளை அசையாச் சொத்தாக அறிவித்தது. 1619 இல் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் துறையில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டு உணவுப் பொருளுக்கு மாற்றப்பட்டதில் இந்தக் கதை தொடங்குகிறது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. வர்ஜீனியா 1662 இல் அதைத் திருப்பிப் போட்டு, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று எழுதியது. அந்த ஒரு வரியின் கணக்கியலை நின்று யோசிக்க வேண்டும். எஜமான் தன் அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கச் செய்த குழந்தையும் அவனுடைய பேரேட்டில் வரவாகவே ஏறும். 17 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்திலிருந்து ஏழைகள் வருவது குறைந்து, 1676 இல் வர்ஜீனிய ஆளுநரை எதிர்த்து எழுந்த நத்தானியேல் பேகனின் கலகத்தில் வெள்ளை ஏழைகளும் கறுப்பின மக்களும் ஒன்றாக ஆயுதம் ஏந்தியதைப் பார்த்தபின், தோட்ட முதலாளிகள் ஆயுள் அடிமைகளையே அதிகம் வாங்கத் தொடங்கினார்கள். தென் கரோலினாவில் 1708 வாக்கிலேயே கறுப்பின மக்கள் பெரும்பான்மை. அந்தச் சதுப்பு நிலத்தில் நெல் விளைந்ததற்கு மேற்கு ஆப்பிரிக்க நெல் விவசாயிகளின் அறிவுக்கும் பங்கு உண்டு எனப் பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். லாபம் வேறு பேரேட்டில் சேர்ந்தது.

காசில்லாப் பொருளாதாரத்தில் அடிமைக்கு இன்னொரு பயன்பாடும் இருந்தது. அதைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது குறைவு. கடன் கொடுப்பவர் ஈடு கேட்பார். நிலம் எங்கும் மலிவு. உடனே விற்றுக் காசாக்க முடியாது. மனிதரை எப்போதும் விற்கலாம். ஆகவே தெற்கில் மனிதர்கள் அடமானமாக வைக்கப்பட்டார்கள். எஜமான் கடனை அடைக்கத் தவறினால் குடும்பங்கள் ஏலத்தில் சிதறின. அவர்களைக் கணக்கில் வெறும் சொத்தாக எழுதினாலும் அவர்கள் அப்படி மட்டும் வாழவில்லை. கரோலினாவில் அன்றைய வேலைப் பங்கை முடித்துவிட்ட நேரத்தில் தங்களுக்கென்று காய்கறி பயிரிட்டார்கள், கோழி வளர்த்தார்கள். சார்ல்ஸ்டன் சந்தையில் அடிமைப் பெண்கள் மீனும் பழமும் காய்கறியும் விற்றார்கள். விலையை அவர்களே ஏற்றி இறக்குகிறார்கள் என்று வெள்ளைக் குடிமக்கள் திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். அந்தப் புகார்களால்தான் அவர்களுடைய வியாபாரத் திறமை இன்று நமக்குத் தெரிகிறது.

வடக்கு இதிலிருந்து விலகி நின்றது என்று எண்ண இடமில்லை. நியூ இங்கிலாந்தின் கல்லும் குளிருமான மண்ணில் ஏற்றுமதிக்குரிய பயிர் எதுவும் விளையவில்லை. கடலில் காட் மீன் கிடைத்தது. உப்பிட்டுக் காயவைத்த நல்ல மீன் ஸ்பெயின், போர்ச்சுகல் சந்தைக்கும், உடைந்து கெட்டுப்போன மட்ட ரகம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கும் போயின. திரும்பி வந்த கப்பல்களில் சர்க்கரைப் பாகு வந்தது. அதைக் காய்ச்சி ரம் ஆக்கினார்கள். அதில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போய் மனிதர்களாகத் திரும்பியது. பிரெஞ்சுத் தீவுகளின் பாகு மலிவாகக் கிடைத்ததைத் தடுக்க, 1733 இல் பிரிட்டன் கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. கடத்தலும் சுங்க அதிகாரிகளுக்கு லஞ்சமும் அதன்பின் பாஸ்டன் வணிகத்தின் வழக்கமான செலவினங்களாயின.

இந்தச் சங்கிலியில் நம் கடற்கரையும் கோக்கப்பட்டிருந்தது. ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுசென்ற சரக்கில் கோரமண்டல் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல் மதராஸில் பெரும் செல்வம் சேர்த்தார். அவருடைய ஆட்சியில் அந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் அனுப்பப்பட்டனர். 1718 இல், பணமின்றித் தவித்த நியூ ஹேவன் கல்லூரிக்கு அவர் 417 புத்தகங்களும் மன்னரின் உருவப்படமும் 9 பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு விற்று வந்த 562 பவுண்டுக்காகக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. நன்கொடை ரொக்கமாக வராமல் பொதிகளாக வந்ததில் அந்த ஊருக்கு வியப்பேதும் இருந்திருக்காது. வடக்கே ஹார்வர்டில் மாணவர்கள் கோதுமையும் ஆடும் கொடுத்துக் கட்டணம் கட்டியிருந்தார்கள்.

காசுப் பஞ்சத்துக்கு காலனிகள் தாமே கண்டுபிடித்த மருந்து காகிதப் பணம். 1690 இல் கியூபெக் படையெடுப்பு தோற்றுத் திரும்பிய வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க மாசசூசெட்ஸிடம் வெள்ளி இல்லை. எதிர்கால வரிக்குச் செல்லும் என்று எழுதிய சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தது. மேற்கத்திய உலகில் ஓர் அரசு வெளியிட்ட முதல் காகிதப் பணங்களில் இது ஒன்று. அங்கே பிற்காலத்தில் அச்சடிப்பு கட்டுமீறி மதிப்பு சரிந்தது. பென்சில்வேனியா வேறு வழியில் சென்றது. 1723 இல் தொடங்கிய கடன் அலுவலகம், நிலத்தை ஈடாகப் பெற்று 5 சதவீத வட்டிக்கு நோட்டுகளைக் கடன் கொடுத்தது. விவசாயி தவணை கட்டும்போது நோட்டு திரும்பி வந்துவிடும். வட்டி அரசுச் செலவுக்குப் போனதால் பல ஆண்டுகள் மக்கள் மீது வரிச் சுமை மிகக் குறைவாகவே இருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1729 இல் காகிதப் பணத்தை ஆதரித்துத் துண்டுப் பிரசுரம் எழுதினார். பின்னர் நோட்டு அச்சிடும் ஒப்பந்தமும் அவருக்குக் கிடைத்தது. போலி அடிப்பதைத் தடுக்க உண்மையான இலையின் நரம்புகளைப் பதித்து அச்சிட்டார். 'போலி அடித்தால் மரணம்' என்ற வாசகமும் அந்த நோட்டுகளில் இருந்தது. காலனிய ஆட்சியின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக இந்தக் கடன் அலுவலகத்தைச் சொல்வேன். சாதாரண விவசாயிக்குக் கைக்கெட்டும் வட்டியில் கடன் கிடைத்தது. ஆனால் மதிப்புக் குறைந்த நோட்டில் தங்கள் கடன் அடைக்கப்படுவதை லண்டன் வணிகர்கள் விரும்பவில்லை. நோட்டைக் கடனுக்குச் சட்டப்படி செல்லும் பணமாக்கக் கூடாது என்று 1751 இல் நியூ இங்கிலாந்துக்கும் 1764 இல் பிற காலனிகளுக்கும் நாடாளுமன்றம் தடை விதித்தது. பத்திரங்களுக்கும் அச்சுத் தாள்களுக்கும் பிரிட்டன் போட்ட ஸ்டாம்ப் வரிக்கு எதிரான கோபத்தைப் பற்றிப் பாடநூல்கள் நிறையச் சொல்கின்றன. இந்தத் தடை மூட்டிய கோபத்தைப் பற்றிச் சொல்வது குறைவு.

தடை வந்த நேரம் மோசமான நேரம். 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீடுகள் மாறிவிட்டிருந்தன. முன்பு ஒரே மரத் தட்டில் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள் பீங்கான் தட்டும் முள்கரண்டியும் தேநீர்க் கோப்பையும் வாங்கினார்கள். கிளாஸ்கோ வணிகர்கள் வர்ஜீனிய ஆற்றங்கரைகளில் கடைகள் திறந்து, அடுத்த ஆண்டு விளையப்போகும் புகையிலையை நம்பி இன்றைக்கே துணி கொடுத்தார்கள். அண்டை வீட்டுக் கணக்கில் பொறுமை இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த கணக்கில் வட்டி ஓடியது. 1772 ஜூனில் லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் வங்கிகள் விழுந்தபோது கடன் கொடுத்தவர்கள் ஒரே நேரத்தில் பாக்கியைக் கேட்டார்கள். அதே நெருக்கடி கிழக்கிந்தியக் கம்பெனியையும் தள்ளாட வைத்தது. கிடங்குகளில் தேங்கிய சீனத் தேயிலையைக் காலனிகளில் நேரடியாக விற்க 1773 இல் அதற்கு அனுமதி தரப்பட்டது. பாஸ்டனில் அந்த டிசம்பர் 16 அன்று எதிர்ப்பாளர்களால் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்த வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே.

சுதந்திரப் போர் முடிந்து 1783 இல் பாரிஸில் செய்த உடன்படிக்கையின் நான்காவது பிரிவு, பழைய கடன்களை வசூலிக்கச் சட்டத் தடை இருக்கக் கூடாது என்றது. வர்ஜீனியாவின் நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் 1802 இல் அமெரிக்க அரசு 6,00,000 பவுண்டு மொத்தமாகக் கொடுத்து விவகாரத்தை முடித்தது.

தனித்தனிக் கணக்குகள் அவ்வளவு எளிதில் முடியவில்லை. ஜான் வேல்ஸ் என்ற வர்ஜீனிய வழக்கறிஞர் பிரிட்டிஷ் வணிக நிறுவனத்துக்காகக் கடன் வசூலித்தவர்; அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டவர். 1773 இல் அவர் இறந்ததும் நிலம், 135 அடிமைகள், பெரும் கடன் ஆகிய மூன்றும் அவருடைய மகள் மார்த்தா வழியாக மருமகனும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான தாமஸ் ஜெஃபர்சனிடம் வந்தன. கடனை அடைக்க ஜெஃபர்சன் நிலம் விற்றார். வாங்கியவர்கள் போர்க்கால மதிப்பிழந்த காகிதத்தில் கொடுத்ததால் கடன் அப்படியே நின்றது. வந்த 135 பேரில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு வேல்ஸே தந்தை என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். 1662 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் தங்கள் அக்காளான மார்த்தாவின் சொத்தாக அவர் வீட்டுக்குப் போனார்கள். ஜெஃபர்சன் 1826 இல் இறந்தபோது அவருடைய சொந்தக் கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேரை ஏலத்துக்கு நிறுத்தினார்கள்.